ரேஷன் கடை வரிசையில் அந்த அம்மா

வாசகி கடிதம்:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 45. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். நர்சிங் படிக்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது ‘வேரா டிரேக்’ என்ற படத்தை லேப்டாப்பில் போட்டாள். வசனத்தை அவளே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். 1950-ல் லண்டனில் நடக்கிற கதை. வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மா, யாருக்கும் தெரியாமல் பெண்களுக்குக் கருவைக் கலைத்து விடுகிறார். காசு வாங்குவதில்லை. ஒரு பெண்ணுக்கு உடம்பு மோசமாகிப் போலீஸ் வருகிறது. கடைசியில் ஜெயில்.

படம் முடிந்ததும் வீட்டில் ஒரே வாக்குவாதம். “புண்ணியவதியக் கொண்டுபோய் உள்ள வெச்சுட்டானுங்களே” என்றார் மாமியார். “சட்டம்னா சட்டம்தான், நல்லவ கெட்டவன்னு பாக்க முடியுமா” என்றார் வீட்டுக்காரர். “சோப்புத் தண்ணிய உள்ள விடுறது கொலைக்குச் சமம், இதுல புண்ணியம் எங்க வந்துச்சு” என்றாள் மகள். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று எழுந்து போய்விட்டேன்.

1994-ல் என் அக்கா இப்படித்தான் செத்துப்போனாள். இரண்டு பிள்ளைகள், சின்னது பால்குடி மறக்கவில்லை. மூன்றாவது தங்கி நாலு மாதம் ஆகிவிட்டது. பக்கத்து ஊர் அம்மா ஒருவர் வந்து ஏதோ செய்தார். எனக்கு அப்போது 14 வயது. யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள் என்று வாசலில் உட்கார வைத்தார்கள். மூன்று நாள் காய்ச்சல். வயிற்றுப்போக்கு என்று ஊரில் சொன்னோம். நாலாம் நாள் பஸ்ஸில் தர்மபுரிக்குக் கிளம்பினார்கள். வழியிலேயே போய்விட்டாள். அந்த அம்மாவுக்கு இப்போது எண்பதுக்கு மேல் இருக்கும். ரேஷன் கடை வரிசையில் பார்த்தால் “நல்லா இருக்கியா கண்ணு” என்பார். எனக்குப் பதில் வராது. அவர் கொலைகாரியா, டாக்டரம்மா?

இன்னொன்று. மையத்துக்கு வரும் ஒரு பெண், 24 வயது, கைக்குழந்தைக்குப் பத்து மாதம். “அக்கா, நாள் தள்ளிப் போயிருச்சு, அம்பது நாள் ஆவுது. யாருக்கும் தெரியாம எதுனா வழி இருக்கா?” என்று போன வாரம் கேட்டாள். எனக்குக் கை நடுங்கியது. அவளுக்கு என்ன சொல்வது?

பதில்:

சகோதரி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை முப்பது வருடம் காத்திருந்துவிட்டன, இன்னும் பத்து நிமிடம் காத்திருக்கும். இந்தப் பெண்ணுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஐம்பது நாள் என்றால் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணியதா, நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணியதா என்று அவளிடம் கேளுங்கள். நாங்கள் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்வோம். பலர் இரண்டாவதைச் சொல்லி ஒரு மாதத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். உண்மையிலேயே ஐம்பது நாள்தான் என்றால் ஏழு வாரம். ஒன்பது வாரம் வரை, டாக்டர் பார்த்து, ஸ்கேன் எடுத்து, மாத்திரையிலேயே முடிக்கலாம். அதைத் தாண்டினால் உறிஞ்சி எடுக்கும் முறை, அதுவும் சில நிமிட வேலைதான். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குக் காலையில் போகச் சொல்லுங்கள். முடிந்தால் கூடப் போங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கித் தானாகப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பாள், கட்டாயம் கேட்பாள். வேண்டாம். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். மாத்திரை வேலை செய்கிறது போலிருக்கிறது என்று அவள் படுத்திருப்பாள். அப்புறம் நம் பெண்களில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்தே பார்ப்பவர் நீங்கள்.

புருஷன் கையெழுத்து வேண்டுமா? வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும், படிவம் ‘சி’ என்று ஒன்று கொடுப்பார்கள். பதினெட்டுக்குக் கீழே என்றால்தான் காப்பாளர் ஒப்புதல், அங்கே போக்சோ சட்டமும் சேர்ந்து வரும். நம் மாவட்டத்தில் இன்னமும் நடக்கிற குழந்தைத் திருமணங்களால் இந்தச் சிக்கல் எனக்குப் பழக்கமானது. சட்டப்படி தேவையில்லாவிட்டாலும் “வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா” என்று கவுன்ட்டரில் யாராவது சொல்லக்கூடும். “குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டாத்தான்” என்றும் சொல்லக்கூடும். இரண்டுக்கும் சட்டத்தில் இடமில்லை. சண்டை போடாமல், டாக்டரிடமே நேராகப் பேச வேண்டும் என்று சொல்லச் சொல்லுங்கள். அவள் பெயர் ரகசியம். அதை வெளியே சொல்வதுதான் குற்றம்.

அவளிடம் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: இது உன் முடிவா, வேறு யாராவது சொல்லி அனுப்பினார்களா? அவளுக்கே மனம் மாறினாலும் சரி, கிராம சுகாதார செவிலியரிடம் போய்க் கர்ப்பத்தைப் பதிந்துகொள்ளட்டும். “பால் குடிக்கிற பிள்ளை இருந்தா தங்காதுன்னாங்களே” என்றும் சொல்வாள். முதல் ஆறு மாதம், தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை உண்டு. பத்து மாதப் பிள்ளை களி தின்ன ஆரம்பித்துவிட்ட வீட்டில் அதை நம்பக் கூடாது. முடிந்த கையோடு காப்பர்-டி பற்றியோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ‘அந்தரா’ ஊசி பற்றியோ கேட்டுக்கொள்ளட்டும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஊரில் இது தாறுமாறாகக் குழம்பிக் கிடக்கிறது. 1971-ல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் ஒன்று. 2021-ல் அதைத் திருத்தினார்கள். இருபது வாரம் வரை ஒரு டாக்டர் சம்மதித்தால் போதும். சில வகைப் பெண்களுக்கு இரண்டு டாக்டர்கள் சேர்ந்து இருபத்து நான்கு வாரம் வரை செய்யலாம். கருத்தடை தோற்றுப்போனது, தாயின் உடலுக்கோ மனதுக்கோ கேடு என்பவை சட்டம் ஏற்கும் காரணங்கள். கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னொரு சட்டம் 1994-ல் வந்தது. சிசு ஆணா பெண்ணா என்று பார்ப்பதையும் சொல்வதையும் தடை செய்வது. ஸ்கேன் சென்டர் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருப்பது இந்த இரண்டாவது. பெண் சிசுக்கொலையால் கெட்ட பெயர் வாங்கிய மாவட்டம் நம்முடையது. தொட்டில் வைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினோம். வீட்டுக்குள் ரகசியமாக ஸ்கேன் மெஷினை வைத்துக்கொண்டு பாலினம் சொன்ன கும்பல் சில வருடங்களுக்கு முன்புகூட இங்கே பிடிபட்டது. அதனால் அந்த எச்சரிக்கையை ஓயாமல் சொல்ல வேண்டியிருந்தது, நானே மேடை போட்டுச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைக் கேட்ட பெண்கள் என்ன எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? ‘கலைப்பது என்றாலே குற்றம், ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ்’ என்று. ஐம்பது நாளில் எந்த ஸ்கேனிலும் ஆண், பெண் தெரியாது. உங்களிடம் கேட்ட பெண்ணுக்கும் அந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அவள் ‘யாருக்கும் தெரியாம’ என்றுதான் கேட்கிறாள், பாருங்கள்.

சரி, படத்துக்கு வருகிறேன். நானும் பார்த்திருக்கிறேன். மைக் லீ எடுத்த படம், 2004-ல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. டாக்டராக இருந்த அப்பாவுக்கும் மருத்துவச்சியாக இருந்த அம்மாவுக்கும் அதைச் சமர்ப்பித்திருக்கிறார். அந்தக் குடும்பமாக நடித்தவர்களுக்கு, ஒத்திகையில் போலீஸ் வந்து கதவைத் தட்டும்வரை வேரா செய்யும் வேலை தெரியாதாம். அதனால்தான் நிச்சயதார்த்த விருந்தின் நடுவே அந்த முகங்கள் அப்படி உறைந்துபோகின்றன.

உங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தில் உடம்பு விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம். ஜெனிஃபர் வொர்த் என்று ஒரு ஆங்கிலேய மருத்துவச்சி, 1950-களில் லண்டனின் ஏழைப் பகுதியில் பிரசவம் பார்த்தவர், இந்தப் படத்தைக் கடுமையாகக் குறை சொன்னார். சோப்புத் தண்ணீரை உள்ளே செலுத்துவதை இவ்வளவு எளிதாக, ஏறக்குறைய ஆபத்தில்லாததாகக் காட்டியிருக்கக் கூடாது என்பது அவர் கோபம். எனக்கும் அதே கோபம். கர்ப்பத்தில் கருப்பையின் ரத்தக்குழாய்கள் விரிந்து கிடக்கும். வெளியிலிருந்து தண்ணீரும் காற்றும் அதில் புகுந்தால் அந்த நிமிடமே உயிர் போகலாம். தப்பித்தால் கிருமி இருக்கிறது. வேரா கையை எத்தனை நன்றாகக் கழுவினாலும், வெந்நீர் போட்டு வைத்தாலும், அது கிருமி நீக்கம் ஆகாது. பல வருடம் இதையே செய்து ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் கெட்டது நடந்தது என்று வேரா நம்பலாம். மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று அவள் திரும்பிப் போய்ப் பார்த்ததே இல்லை. நாளைக்கோ மறுநாளோ எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று கேளுங்கள். சட்டம்னா சட்டம்தான் என்கிறாரே, அதே படத்தில் பணக்கார வீட்டுப் பெண் சூசன் என்ன ஆகிறாள்? அவளைக் கெடுத்தவன் ஒருவன். அவள் மனநல டாக்டரைப் பார்க்கிறாள், பணம் கட்டுகிறாள், சுத்தமான படுக்கையில் படுத்து எழுந்து வீட்டுக்குப் போகிறாள். ஒரே ஊர், ஒரே சட்டம். கருக்கலைப்பைக் குற்றமாக்கிய இங்கிலாந்துச் சட்டம் 1861-ஆம் வருடத்தது. 1938-ல் போர்ன் என்ற டாக்டர், ராணுவத்தினரால் பலாத்காரம் செய்யப்பட்ட 14 வயதுப் பெண்ணுக்குக் கருவைக் கலைத்துவிட்டுத் தானே போலீசில் சொன்னார். நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு சந்து திறந்தது, காசும் தெரிந்த டாக்டரும் இருந்தவர்கள் அதன் வழியாகப் போனார்கள். மற்றவர்களுக்கு வேரா. அங்கே சட்டம் மாறியது 1967-ல்.

நம்மை ஆண்டவர்களும் அவர்கள்தானே. 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு, கலைத்தவரையும் கலைத்துக்கொண்ட பெண்ணையும் சேர்த்தே குற்றவாளி என்றது. வேரா கைதான அந்த 1950-ல் தர்மபுரி, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. இங்கேயும் சட்டம் அதுதான், முறைதான் வேறு. சோப்புத் தண்ணீருக்குப் பதில் எருக்கங்குச்சி. அந்தப் பிரிவு இன்றைக்கும் முழுதாகப் போய்விடவில்லை, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 88-ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. 1971-ன் சட்டம் அதற்கு ஒரு விலக்கு, அவ்வளவுதான். மாமியார் ‘புண்ணியவதி’ என்றதை வைத்து அவரைக் கோபிக்க வேண்டாம். 1950-களில் அவர் சிறு பிள்ளை. எந்தக் கிணற்றடிப் பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தாரோ.

இப்போது உங்கள் அக்கா.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், நீங்களும் அதைத்தான் விரும்புவீர்கள் என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. 1994-ல் 1971-ன் சட்டம் நடைமுறைக்கு வந்து 22 வருடம் ஆகியிருந்தது. நாலு மாதக் கருவை, இரண்டு டாக்டர்கள் சேர்ந்து பார்த்து, அரசு ஆஸ்பத்திரியில் கலைக்க அன்றைக்கே சட்டம் இடம் கொடுத்தது. உங்கள் அக்காவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. காய்ச்சல் வந்த முதல் நாளே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. நரம்பு வழியாக மருந்து, ரத்தம், உள்ளே தங்கியிருப்பதை எடுத்துச் சுத்தம் செய்வது என்று எங்களுக்கு அப்போதும் வழி தெரியும். மூன்று நாளில் கிருமி ரத்தம் முழுக்கப் பரவிவிடும், அதற்கு மேல் மருந்து எட்டுவது கஷ்டம். அந்த மூன்று நாளை உங்கள் வீட்டார் ஏன் கடத்தினார்கள்? போலீஸ் வரும், மானம் போகும் என்ற பயம். படத்திலும் அப்படித்தானே, அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் விஷயம் போலீசுக்குப் போகிறது.

அந்தப் பயத்தை வளர்த்ததில் டாக்டர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. எனக்கே உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த மாவட்டத்தில்தான், ஒரு பெண் வந்து கலைக்கக் கேட்டாள். மூன்று பிள்ளைகள், தலையில் புளி மண்டியில் சுமந்த மூட்டையின் தூசு அப்படியே இருந்தது. கூட்டம் அதிகம், நான் தூங்கி இரண்டு நாள். “மூணு பெத்தவளுக்கு இது முன்னாடியே தெரியாதா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். பதினோரு நாள் கழித்து ஸ்ட்ரெச்சரில் வந்தாள். கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. யாரிடம் போனாய் என்று கேட்டேன், கடைசிவரை சொல்லவில்லை. அவள் போனது யாரிடமோ, ஆனால் அனுப்பி வைத்தவள் நான்.

ஆகவே அந்த அம்மா கொலைகாரியா என்று என்னைக் கேட்டால், அவர் செய்த காரியம் உங்கள் அக்காவின் உயிரைக் குடித்தது. அதில் சந்தேகம் இல்லை, புண்ணியம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொல்ல நினைத்தாரா என்றால், இல்லை. வேராவுக்கு இரண்டரை வருடத் தண்டனை. உள்ளே போனால் இதே குற்றத்துக்காக வந்த இன்னும் இரண்டு பெண்கள் அங்கே இருக்கிறார்கள். பெண்களை வேராவிடம் அனுப்பி வைத்த லில்லி என்ற தோழிதான், வேராவுக்குத் தெரியாமல் அவள் பெயரைச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டிருந்தவள். அந்தப் பெண்களைக் கர்ப்பமாக்கியவர்களைத் தேடி யாரும் போவதில்லை.

அவரோடு நீங்கள் பேச வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. வரிசையில் பதில் வராமல் நின்றால் நில்லுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் அக்கா இறந்தது அவருக்குத் தெரியும்தானே? தெரிந்தே முப்பது வருடமாக ‘கண்ணு’ என்று கூப்பிடுகிறார். அது குற்ற உணர்ச்சியா, வெறும் பழக்கமா, என்னால் சொல்ல முடியாது. உங்களுக்கு என்றைக்காவது கேட்கத் தோன்றினால், ஏன் செய்தீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கள் அக்கா உங்களிடம் என்ன சொன்னாள் என்று கேளுங்கள். அந்த அறைக்குள் அவள் பேசிய வார்த்தைகள் உயிரோடு இருக்கிற ஒருவருக்குத்தான் தெரியும், அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்கிறேன். வாசலில் உட்கார வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வயிற்றுப்போக்கு என்று சொன்னோம்’ என்கிறீர்கள், ‘சொன்னார்கள்’ என்று எழுதவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை. பெரியவர்கள் உட்கார் என்றால் உட்காரும், சொல் என்றால் சொல்லும். என் முன்னால் வந்து நின்றிருந்தால் அந்தப் பிள்ளையை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன். இரவில் தூக்கம் கெடுகிறது, நெஞ்சு அடைக்கிறது என்றால் மாவட்ட மனநலத் திட்டத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். 104-க்கு போன் செய்தாலும் பேசுவார்கள். அந்த 24 வயதுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு தர்மபுரி வருகிற அன்றைக்கே நீங்களும் ஒரு சீட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மாத்திரையோ வேறு முறையோ, முடிந்து வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைகிற அளவு ரத்தம், தாங்க முடியாத வயிற்று வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், 108-ஐக் கூப்பிட வேண்டும். என்ன நடந்தது என்று டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இதை அவளிடம் இரண்டு முறை சொல்லுங்கள். மையத்துக்கு வரும் மற்ற தாய்மார்களிடமும் பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள்.

உங்கள் மகளுக்குப் பெரியம்மா எப்படிச் செத்தாள் என்று தெரியுமா? தெரிந்திருந்தால் அந்தப் படத்தை உங்கள் முன்னால் போட்டிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். வயிற்றுப்போக்கு என்றுதான் அவளுக்கும் சொல்லியிருப்பீர்கள். நாளைக்கு ஏதோ ஒரு வார்டில், காய்ச்சலோடு வந்து எதையும் சொல்ல மறுக்கிற ஒரு பெண்ணின் கையைப் பிடித்து ஊசி போடப் போகிறவள் அவள். அடுத்த லீவுக்கு வரும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஏன் எழுந்து போனீர்கள் என்று அவளிடம் சொல்லுங்கள்.